அடுத்தாள் எங்கே?

போன வருடம் ஒரு 20ஆம் தேதி, மாலை ஐந்து மணி இருக்கும். காரைக்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையிலிருந்து போன் வந்தது. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். கணக்கு தயார், கட்ட வேண்டிய பணமும் தயார். ஓடிபி மட்டும் கைக்கு வரவில்லை. அது போனது, வேலையை விட்டுத் திருப்பூருக்குக் குடிபோய்விட்ட பழைய கணக்கரின் செல்போனுக்கு. அவர் போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. மூன்று மாதம் அவரும் முகம் கோணாமல் ஓடிபியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு அவர் போன் அணைந்திருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் கிடைத்தார். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் வீதம் நூறு ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் இரண்டு நாள் வட்டி. பெரிய தொகை ஒன்றுமில்லை. எனக்கு உறுத்தியது வேறு. இருபது வருடத்துக்கு மேலாக நடக்கும் ஒரு கடை, ஊரைவிட்டுப் போன ஒருவரின் போனில் சார்ஜ் இருக்கிறதா இல்லையா என்பதை நம்பி நின்றிருக்கிறது. அது அங்கே யாருக்குமே தெரியவில்லை.

பதினெட்டு வருடமாக இந்தப் பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கும் தொழிலாளர் சட்ட ஆலோசனையும் பார்த்து வருகிறேன். தரைக்கல் பட்டறை, பலகாரக் கடை, பழைய வீட்டை விடுதியாக்கியவர்கள், ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம் என்று எல்லாம் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாள் லாப நட்டக் கணக்கைக் கேட்பதில்லை. ஒவ்வொரு வேலையாகக் கைகாட்டி, “இவர் நாளைக்கு வரவில்லை என்றால் இதை யார் செய்வார்கள்?” என்று கேட்பேன். பதில் உடனே வந்தால் அந்த இடம் பிழைத்துக்கொள்ளும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றால் வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று செட்டியார்கள் கடல் தாண்டி வட்டிக்கடை நடத்திய காலத்தில், கடையில் ஆட்களுக்குப் படிநிலை உண்டு. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி செய்யும் பையன், பார்த்துப் பார்த்தே கணக்கு கற்றுக்கொள்வான். அடுத்தாள் என்பது எவ்வளவு நேரான சொல்! மேலாளுக்கு அடுத்து நிற்பவர். அவர் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறக்கக்கூடியவர். ஏஜெண்டாகப் போகிறவருக்குப் பொதுவாக மூன்று வருடத் தவணை. முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும். அடுத்தவர் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். கடையின் ஐந்தொகை, அதாவது சொத்து, கடன் நிலையைக் காட்டும் கணக்கு, ஊரில் இருக்கும் முதலாளிக்கு வந்துகொண்டே இருக்கும்.

இப்படி ஆள் மாறிக்கொண்டே இருந்ததால், எதையும் எழுதி வைக்காமல் தலையிலேயே வைத்திருக்க யாராலும் முடியவில்லை. ஒப்படைக்கும் நாள் வேலைக்குச் சேரும்போதே தெரியும். அந்த ஏற்பாடு முழுவதும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன வயதிலேயே வீட்டை விட்டுக் கப்பலேறிய பையன்களும், மூன்று வருடம் கணவன் முகம் பார்க்காத பெண்களும் அதற்குக் கொடுத்த விலை இருக்கிறது. அந்த விலையை விட்டுவிட்டு, அடுத்தாளை மட்டுமாவது நாம் வைத்துக்கொண்டிருக்கலாம். கைவிட்டது அவரைத்தான்.

ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

வேலையைப் பார்த்திராதவர்களுக்காக: இந்தக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிமெண்டில் கரைத்த வண்ணத்தைச் சிறு கரண்டியால் ஒவ்வொரு கட்டமாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பளபளப்பு. எல்லாம் கைவேலை. அதில் வண்ணம் கலப்பதுதான் உயிர்.

அந்தப் பட்டறையில் பதினான்கு பேர். வண்ணம் கலப்பவர் ஒருவர். இருபத்திரண்டு வருடமாக அவர்தான். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை என்று படுத்துவிட்டார். அப்போது ஒரு பெரிய வீட்டு வேலை பாதியில் இருந்தது. மற்றவர்கள் கண்ணளவில் கலந்து போட்டார்கள். கல் வீட்டுக்குப் போய்ப் பதித்த பிறகுதான் தெரிந்தது, வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், பாதி ஒரு பச்சை, மீதி வேறொரு பச்சை. வீட்டுக்காரர் பெயர்த்தெடுக்கச் சொல்லிவிட்டார். கல், கூலி, வண்டி வாடகை எல்லாம் பட்டறையின் தலையில்.

முதலாளி என்னிடம் வந்தபோது அவருக்கு அந்த வண்ணக்காரர் மேல்தான் கோபம். “யாருக்கும் சொல்லித் தராமலே இருந்துட்டார் சார்” என்றார். நான் வண்ணக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திண்ணையில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் உடம்பைப் பற்றிப் பேசிவிட்டு, “அண்ணே, அளவை ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கலாமே” என்றேன். அவர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: “எழுதிக் குடுத்துட்டா அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை தம்பி?”

நிர்வாகத்தைப் பற்றி நான் படித்த எதைவிடவும் இந்த ஒரு வரி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. தொழில் தெரிந்தவர் அதை மறைக்கிறார் என்றால் அவர் கெட்டவர் என்று பொருளல்ல. தனக்குத் தெரிந்தது வெளியே போய்விட்டால் தான் வெளியே போக வேண்டியிருக்கும் என்று அந்த இடம் அவரை நினைக்க வைத்திருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்காமல் நோட்டுப் புத்தகத்தை நீட்டினால் யாரும் எழுத மாட்டார்கள். எழுதினாலும் சரியாக எழுத மாட்டார்கள்.

சரி, பயத்தை எப்படிப் போக்குவது? தோளைத் தட்டி “நீங்கதான் எல்லாமே” என்றால் போதாது, காகிதத்தில் காட்ட வேண்டும். அவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 18,000 ரூபாய். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடம் என்பதால் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, உண்டு. ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. இருபத்திரண்டு வருடத்துக்கு 2,28,461 ரூபாய் வருகிறது. இந்தத் தொகை தனக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. முதலாளியும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. தர மாட்டேன் என்பவர் அல்ல அவர். அப்படி ஒன்று இருப்பதாக நினைத்ததே இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஒழுங்காகக் கட்டி வந்திருந்தால், படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை அங்கிருந்தே கிடைத்திருக்கும், வருடத்துக்கு 91 நாள் வரை. இந்தப் பட்டறை கட்டவில்லை. பத்துப் பேர் என்ற வரம்பைத் தொடாமலிருக்க, பதிவேட்டில் ஒன்பது பேரோடு நிறுத்திவிட்டு மீதிப் பேரைக் கூலியாள் என்று காட்டும் பழக்கம் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. நோய் வந்தால் தெருவில் நிற்போம் என்று தெரிந்த ஆள், தன்னிடம் இருக்கும் ஒரே சொத்தான தொழில் ரகசியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் செய்வார்.

பணிக்கொடைக் கணக்கை எழுதி, முதலாளி கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தார். சொல்லித் தருவதற்குத் தனியாக மாதப் படி என்றும் பேசினோம். இரண்டு மாதம் கழித்து அவர் கைத்தடியோடு பட்டறைக்கு வந்தார். நான் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவருடைய அளவு ஒரு பழைய சிரட்டை. பச்சை ஆக்ஸைடை அள்ளித் தராசில் வைத்தார், 212 கிராம். கொட்டிவிட்டு மறுபடி அள்ளச் சொன்னேன், 209. மூன்றாவது முறை 214. பக்கத்தில் நின்ற பையன்கள் வாயடைத்துப் போனார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கை தராசாகவே இருந்திருக்கிறது. நாற்பது பக்க நோட்டில் முதல் பக்கத்தை அன்றைக்கு நான் எழுதினேன். இப்போது அதில் பாதிக்கு மேல் அவர் கூடவே நிற்கும் ஒரு பெண்ணின் கையெழுத்து. மணல் ஈரமாக இருந்தால் தண்ணீர் எவ்வளவு குறைய வேண்டும் என்பதெல்லாம் அவள் சேர்த்தது.

எல்லாமே நோட்டில் ஏறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலகாரக் கடை ஒன்றில் இதையே செய்யப் போய் நான் தோற்றேன். அதிரசத்துக்குப் பாகு வைக்கும் ஆச்சியிடம் எத்தனை நிமிடம், எவ்வளவு சூடு என்று கேட்டேன். அவர் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டிக் காட்டினார். “இந்தா, இப்ப வந்துருச்சு. வெல்லத்துக்கு வெல்லம் மாறும்ப்பா, கடியாரத்துக்கு என்ன தெரியும்?” அங்கே வேண்டியது பெட்டியடிப் பையன் முறைதான். பாகு வைக்கும் நாளெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று, தன் விரலாலும் உருட்டிப் பார்க்க வேண்டும். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது அதற்கு நேரம் கிடைக்காது. ஆடியிலேயே ஆளை நிறுத்திவிடுங்கள். கற்றுக்கொள்கிறவர் கெடுக்கும் இரண்டு சட்டி பாகைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

பொருள் விஷயமும் இதேதான். நம் வீடுகளில் கல்யாணச் சீர் சாமான் ஒவ்வொன்றும் சிட்டையில், அதாவது சாமான் பட்டியலில், ஏறும். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள், இரவல் போனாலும் திரும்பிவிடும். அந்த வீடுகளில் ஒன்று விடுதியானபோது, அத்தனை அறைச் சாவியும் ஒரே காவலாளியின் இடுப்பில்தான் தொங்கியது. சிட்டை எங்கேயும் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் நான் செய்வது சின்ன வேலை. கிட்டங்கிக்குள், அதாவது சரக்கு அறைக்குள், போய்க் கண்ணில் படும் பத்துப் பொருளை எண்ணுவேன். பிறகு பதிவேட்டைத் திறந்து பார்ப்பேன். பத்தில் எட்டுப் பொருந்தினால் நல்ல நிர்வாகம்.

கையில் இருக்கும் பணம் நாம் கேட்காமலே சரக்காக உறைந்துவிடுவதும் உண்டு. பர்மாவில் நம்மவர்களுக்கு நடந்தது அதுதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்ப முடியாமல், நிலங்கள் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 சதவீதம் ஆனது. சுழல வேண்டிய பணம் வயலில் சிக்கிக்கொண்டது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது தூக்கிக்கொண்டு வர முடிந்தது எவ்வளவு? பாக்கிக்கு ஈடாகச் சரக்கை எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்களிடம் இதை நான் அடிக்கடி சொல்வேன். ஆறு மாதமாக அசையாத சரக்குக்குத் தனிப் பட்டியல் போடுங்கள், மாதா மாதம் அதைப் பாருங்கள்.

கடைசியாக, எல்லோரையும்விட மாற்று ஆள் இல்லாதவர் முதலாளிதான். காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய வள்ளல் அழகப்பச் செட்டியார் ஐம்பது வயதைத் தொடாமலே 1957இல் காலமானார். 1947இல் அவர் தொடங்கிய கல்லூரி நின்றுவிடவில்லை. 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து அவர் வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறந்ததிலிருந்து இன்றும் நடக்கிறது. அவர் தம் காலத்துக்குள்ளேயே அவற்றை வேறு கைகளில் ஒப்படைத்திருந்தார்.

அந்த மொத்தக் கடை முதலாளியிடம் போன மாதம் ஒன்று கேட்டேன்: மூன்று நாள் கடைக்கு வராமல், போனும் எடுக்காமல் இருக்க முடியுமா? மகள் வீட்டுக்குப் போனார். கடையில் ஒரு தாளை வைத்து, அவரிடம் கேட்டே ஆக வேண்டியதை எல்லாம் எழுதச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபோது பதினொரு கேள்விகள் இருந்தன. ஏழுக்கு ஆள் போட்டுவிட்டோம். ஓடிபி இப்போது முதலாளி போனுக்கே வருகிறது; அவர் ஊரில் இல்லாவிட்டால் தாக்கல் செய்ய மகனையும் சேர்த்தாயிற்று. மீதி நான்கும் காசோலைக் கையெழுத்தும் கடன் கொடுக்கும் அதிகாரமும். முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா முடிந்ததும் அதற்கு உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறார்.