செத்த எலியை எங்கே புதைப்பது?

ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைப் பக்கம் மார்கழியில் நெல் பொதி கட்டும்போது, அதாவது கதிர் தண்டுக்குள் இருக்கும்போது, வரப்பெலி தூரைக் கடித்துச் சாய்க்கும். கதிர் முற்றிவிட்டால் வளைக்குள் இழுத்துப்போய்ச் சேர்த்துக்கொள்ளும். மருந்து வைப்பதோடு வேலை தீர்ந்தது என்று நினைப்பதில்தான் கேடு தொடங்குகிறது.

மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிடுங்கள். காலையில் திறந்திருப்பவற்றில்தான் எலி உண்டு. மருந்து அங்கே மட்டும் போதும். துத்தநாக பாஸ்பைடு என்றால் 49 பங்கு பொரி அல்லது கருவாட்டுக்கு 1 பங்கு மருந்து. முதல் இரண்டு நாள் மருந்தில்லாத இரை வைத்துப் பழக்க வேண்டும். பழக்காமல் வைத்தால், கொஞ்சம் கடித்து நோவுபட்ட எலி மறுபடி அதைத் தொடாது. இந்த மருந்து இரைப்பை அமிலத்தில் பாஸ்பீன் வாயுவாகிச் சில மணி நேரத்தில் கொல்லும். சதையில் அதிகம் தங்காது. ஆனால் இரைப்பையில் கரையாமல் மிஞ்சியது, எலியைத் தின்னும் நாய்க்குக் கேடு செய்யலாம்.

புரோமடியோலோன் என்ற எலி மருந்தின் கதை வேறு. இரையில் 0.005 சதவீதம்தான் இருக்கும். அது ஈரலில் வைட்டமின் கே மறுபடி பயன்படாமல் தடுக்கும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் தீர்ந்து, உள்ளே ரத்தம் கசிந்து எலி சாகச் சில நாளாகும். அதுவரை தள்ளாடித் திரியும் எலி, ஆந்தை இனமான கூகைக்கு எளிதான இரை. மருந்து ஈரலில் மாதக்கணக்கில் தங்குவதால், ஓர் எலியால் சாகாத கூகை அடுத்தடுத்துத் தின்று செத்துப்போகக்கூடும். வயலுக்குச் சம்பளமில்லாமல் காவல் காத்த பறவை அது!

அதனால் மருந்து வைத்த நாளிலிருந்து ஒரு வாரமாவது, விடிந்ததும் வரப்பைச் சுற்றிச் செத்ததைப் பொறுக்க வேண்டும். வெறுங்கை கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீரகத்திலும் சிறுநீரிலும் இருக்கும். கைகால் வெடிப்பு வழியே உள்ளே போகும். உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் வேறு ஆள் தேடிக் கிளம்பும். பாலிதீன் பையைக் கையுறைபோல மாட்டி எலியைப் பிடித்து, பையை அப்படியே புரட்டினால் உடல் உள்ளே போய்விடும். குழியில் உடலை மட்டும் கொட்டுங்கள்; பை மக்காது.

குழி இரண்டடிக்குக் குறையக் கூடாது. கடலோர மணலில் கவனிக்க வேண்டியது குடிதண்ணீர் எடுக்கும் ஊத்து. மழைநீர் அங்கே உப்புநீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஊர் அதைத்தான் அள்ளிக் குடிக்கிறது. மணலில் தண்ணீர் வேகமாக இறங்கும், அழுகலும் கூடவே இறங்கும். ஊத்து, ஊருணி, கண்மாய் மூன்றையும் விட்டு விலகி மேட்டில் தோண்டுங்கள். தோண்டும்போது ஈரம் ஊறினால் அந்த இடம் ஆகாது.

சுண்ணாம்பு போட்டால் உடல் கரைந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. நாற்றம் அடங்கும், கிருமி குறையும். ஆனால் மக்குவது தாமதமாகும். மண்ணை மிதித்து இறுக்கி, சீமைக்கருவேல முள்ளைக் குவித்துக் கல் ஏற்றினால் நாய் தோண்டாது.

தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியில் நஞ்சே இல்லை. அதில் மாட்டிச் செத்த எலியைக் கூகை தின்றாலும் அதற்குக் கேடில்லை.