பழம்போல் இருக்கும் கல்லில் எதைத் தேடுவது?

முட்டை வடிவம், பழுப்பு நிறம், நடுவே ஒரு கோடு. இவ்வளவை வைத்துக்கொண்டு விதையின் புதைபடிவம் (மண்ணில் புதைந்து கல்லான பழைய உயிரின் எச்சம்) என்று முடிவுகட்டக் கூடாது. இரும்பும் சுண்ணாம்பும் ஒரு மையத்தைச் சுற்றிப் படிந்து இறுகினாலும் இதே உருவம்தான். ஐந்தைந்தாகக் கதிர்போல் விரியும் வரிகள் இருந்தால் அது பெரும்பாலும் கடல் முள்ளெலி என்ற கடல் உயிரியின் ஓடு.

10 மடங்கு கைலென்ஸில் முதலில் முனைகளைப் பாருங்கள். பழமென்றால் காம்பு இருந்த இடம் தழும்பாக நிற்கும். விதையென்றால் ஒட்டியிருந்த இடத்தின் வடு, பக்கத்தில் ஊசிமுனை அளவில் ஒரு துளை. உருண்டு தேய்ந்த கல்லில் இவை போய்விடும்.

அடுத்து உடைந்த முகம். ஏற்கெனவே உடைந்திருந்தால் அதிர்ஷ்டம்; நீங்களாக உடைக்க வேண்டாம். விதையில் உறை தனி அடுக்காகச் சுற்றிவரும், சில சமயம் அதன் செல்கள் நெருக்கமான கம்பிக்கோடுகளாகத் தெரியும். கனிமக் கட்டியிலோ வெங்காயச் சருகுபோல் வளையங்கள் இருக்கும், அல்லது ஒரே சீரான மண். ஏமாற்றுவது உள்வார்ப்புதான்: பழத்தின் அறைக்குள் சேறு புகுந்து இறுகியபின் சுவர் அழிந்திருக்கும். தோலும் இல்லை, வடுவும் இல்லை, ஆனாலும் புதைபடிவமே. அதற்குத் தாவரக் குடும்பம் வரை சொல்ல முடிந்தாலே பெரிது.

வினிகர் விட்டுப் பார்ப்பது வீண் வேலை. பொங்கினால் சுண்ணாம்பு உண்டு என்று மட்டும் தெரியும், மேற்பரப்பும் அரிக்கப்படும்.

பித்தளை மினுக்குடன் கனமாக இருந்தால் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். இங்கிலாந்தின் ஷெப்பி தீவில் கிடைக்கும், சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய நிபா பனைக் காய்கள் பல இவ்வகைதான். பைரைட் காற்றிலுள்ள ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து கந்தக அமிலமாகும். வெள்ளையோ மஞ்சளோ தூள் பூக்கும், விரிசல் விடும், அடியிலிருக்கும் சீட்டுகூடக் கருகும். நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். அருங்காட்சியகங்களில் சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கடித்து வைப்பதும் உண்டு. ஈரக் களிமண்ணிலிருந்து வந்த கரிய, லேசான விதைக்கு நேரெதிர்: உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும், ஈரத்திலேயே வையுங்கள். மேலே பூசிக் காக்கலாம் என்று நகப்பூச்சு எதற்கும் வேண்டாம்.

அடையாளம் கேட்டுத் தெரிந்தவர்களுக்குப் படம் அனுப்பும்போது ஆறு பக்கமும் எடுங்கள். பக்கவாட்டில் தாழ்வான வெளிச்சம், அருகில் மில்லிமீட்டர் அளவுகோல். நாணயம் போதாது, நாட்டுக்கு நாடு அளவு மாறும். எந்தப் படுகையிலிருந்து எடுத்தீர்கள், பாறைக்குள் பதிந்திருந்ததா, கரையில் உதிரியாகக் கிடந்ததா என்பதையும் எழுதுங்கள். உதிரியாகக் கிடந்தது என்றால், கடல் ஒதுக்கிய இன்றைய கொட்டையா என்ற கேள்விதான் முதலில் வரும்.