விடுதலைத் தேதியை யார் கணக்குப் போடுகிறார்கள்?

தண்டனை விழுந்ததும் குடும்பத்தார் கேட்பது அப்பீலைப் பற்றியும் ஜாமீனைப் பற்றியும்தான். இலவச சட்ட உதவி வழக்குகளைப் பார்க்கும் நான் அவர்களிடம் முதலில் கேட்பது, தண்டனை பெற்றவரைச் சிறைக்கு அனுப்ப நீதிமன்றம் தரும் உத்தரவான கன்விக்‌ஷன் வாரண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று. சிறை அலுவலகம் அந்தத் தாளை வைத்துத்தான் விடுதலைத் தேதியைக் கணக்கிடுகிறது. அதில் ஒரு வரி விடுபட்டாலும் ஆண்டுகள் கூடிவிடும்.

உத்தரப் பிரதேசத்தில் ஒருவருக்கு மின்சாதனத் திருட்டு தொடர்பான ஒன்பது வழக்குகளில் தலா 2 ஆண்டு தண்டனை. ஏக காலத்தில் அனுபவிக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சிறை நிர்வாகம் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டி 18 ஆண்டு ஆக்கியது. உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் எல்லாம் ஏக காலத்தில் ஓடும் என்று உத்தரவிட்டது. அவர் கடைசிவரை போகாமல் இருந்திருந்தால்? நினைக்கவே வேதனையாக இருக்கிறது.

அடுத்தது செட்-ஆஃப். விசாரணைக் கைதியாக இருந்த நாள்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 468ஆம் பிரிவு. ஆனால் ‘அதே வழக்கில்’ இருந்த நாள்கள்தான் கழியும். இரண்டு வழக்கிலும் ஒரே நேரத்தில் ரிமாண்டில் இருந்தால் இரண்டிலும் கழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொல்லிவிட்டது.

சிக்கல் இங்கேதான். உள்ளே இருப்பவர்மீது இன்னொரு வழக்கு வரும். பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் உத்தரவு) ஆஜர்படுத்தி அதிலும் ரிமாண்ட் செய்யாதவரை, பொதுவாக இரண்டாவது வழக்கில் நாள் ஓடாது. அதேபோல, முதல் வழக்கில் வெளியே வர வழியில்லாதபோது இரண்டாவது வழக்கில் மட்டும் அவசரமாக ஜாமீன் எடுப்பார்கள். எடுத்த நாளோடு அந்த வழக்கின் கணக்கு நின்றுவிடும். இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்வது வழக்கறிஞர்களான எங்கள் கடமை.

அபராதம் கட்டாததற்கான சிறைக்குச் செட்-ஆஃப் கிடையாது. அது தனியாகச் சேரும். முடிந்தால் கட்டிவிடுங்கள்.

கணக்கு தவறு என்று தெரிந்தால் முதலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். வாரண்டிலேயே நாள்கள் விடுபட்டிருந்தால் தண்டித்த நீதிமன்றத்துக்குப் போங்கள். வெவ்வேறு வழக்குகளின் தண்டனைகளை ஏக காலத்தில் ஓடவைக்க உயர் நீதிமன்றத்தில் அதே சன்ஹிதாவின் 528ஆம் பிரிவில் மனு போடலாம். தேதி கடந்தும் விடவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு.

காசில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100க்கு அழைக்கலாம். போகும்போது தீர்ப்பு நகலையும், ஒவ்வொரு வழக்கிலும் ரிமாண்ட் ஆன தேதி, ஜாமீன் கிடைத்த தேதி எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.