ஒரே ஆம்பூலுக்குள் பத்து மடங்கு: குழந்தைகள் வார்டில் மருந்துத் தவறு எங்கே நுழைகிறது?

பெரியவருக்கு 5 மி.கி. மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) எழுதியிருக்கிறார்கள். தவறி 50 மி.கி. ஏற்ற வேண்டுமென்றால், 10 மி.கி. ஆம்பூலில் (ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) ஐந்தை உடைக்க வேண்டும். இரண்டாவதை உடைக்கும்போதே கை நின்றுவிடும். குழந்தைக்கு அந்தத் தடை கிடையாது. 10 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 0.1 மி.கி. கணக்கில், வேண்டியது 1 மி.கி. 1 மி.லி.யில் 10 மி.கி. உள்ள ஆம்பூலில் அது வெறும் 0.1 மி.லி. முழு ஆம்பூலையும் ஏற்றினால் பத்து மடங்கு, மூச்சே நின்றுபோகலாம். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது ‘ஒரு ஆம்பூல்’, அவ்வளவுதான். தவறு தவறாகவே தெரியாது. குழந்தைகள் வார்டில் நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

முதலில் எடை. வீட்டில் சொன்ன எடை, போன மாத அட்டையில் உள்ள எடை எதுவும் உதவாது. சேர்க்கும் நாளில் எடை போட்டு, கிலோவில் மட்டும் எழுத வேண்டும். பவுண்டில் காட்டும் எடை இயந்திரத்தில் 10 கிலோ குழந்தை 22 என்று வரும். அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் எல்லா மருந்தும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். மருந்துக் குறிப்பில் கணக்கும் தெரிய வேண்டும்: ‘பாரசிட்டமால் 150 மி.கி. (15 மி.கி. × 10 கிலோ), 6 மணி நேரத்துக்கு ஒருமுறை.’ அப்படி எழுதினால் அடுத்து பார்க்கிற எல்லோரும் சரிபார்க்க முடியும். வளர்ந்த, பருமனான பிள்ளைகளுக்கு இன்னொன்று: 80 கிலோவுக்கு இதே கணக்குப் போட்டால் 1200 மி.கி. வரும். பெரியவருக்கே ஒரு வேளைக்கு 1000 மி.கி.தான் உச்சம், அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புள்ளி விஷயத்தில் சலுகையே கூடாது. ‘.5’ என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். ‘5.0’ என்று எழுதினால் 50 ஆகும். ஆகவே முன்னால் பூஜ்யம் கட்டாயம், பின்னால் பூஜ்யம் கூடவே கூடாது. மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும், அது மி.கி. ஆகிவிட்டால் ஆயிரம் மடங்கு. நம் பேச்சில் ‘ரெண்டு மில்லி’ என்கிறோமே, அது மில்லிகிராமா, மில்லிலிட்டரா? போனில் வரும் உத்தரவில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலவே கேட்கும். எழுதிக்கொண்டு ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இனி சிரிஞ்சு. 0.1 மி.லி.யை நேராக அளந்து ஏற்றப் பார்ப்பதைவிட, 1 மி.லி. மார்ஃபினோடு 9 மி.லி. சலைன் சேர்த்தால் 1 மி.லி.க்கு 1 மி.கி. ஆகிவிடும், அதிலிருந்து 1 மி.லி. எடுக்கலாம். கலந்த சிரிஞ்சில் மருந்தின் பெயர், செறிவு, நேரம் மூன்றையும் அப்போதே ஒட்ட வேண்டும். மீதியைக் கையோடு அப்புறப்படுத்தாவிட்டால் அந்த 9 மி.கி. அடுத்த ஆபத்து.

சிறிய சிரிஞ்சில் 0.1 மி.லி. மருந்தை எடுத்து, அதிலேயே சலைனையும் இழுப்பது பலருக்குப் பழக்கம். ஊசியிலும் அதன் அடிப்பகுதியிலும் தங்கிய மருந்து அளவுக் கோட்டில் சேராது. சலைனை இழுக்கும்போது அதுவும் உள்ளே வந்துவிடும். பச்சிளங்குழந்தைக்கு அந்தத் துளியே கணிசமான கூடுதல். மருந்தைத் தனியாக அளந்து, சலைன் இருக்கும் வேறொரு சிரிஞ்சுக்குள் செலுத்துவதே சரி. இதேபோல, ஏற்றிய மருந்தில் கொஞ்சம் கேனுலாவிலும் (ரத்தக்குழாயில் செருகியிருக்கும் சிறு குழல்) அதோடு இணைந்த குழாயிலும் தங்கும். மயக்க மருந்தோ தசைத் தளர்ச்சி மருந்தோ அப்படித் தங்கி, வார்டுக்கு வந்தபின் அடுத்த ஊசியோடு உள்ளே போனால் குழந்தை மூச்சுவிட முடியாமல் போகும். அறுவை அரங்கிலிருந்து அனுப்பும் முன்பே சலைன் தள்ளிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

மார்ஃபின், இன்சுலின், ஹெப்பாரின், டிஜாக்சின், பொட்டாசியம் குளோரைடு: இவற்றுக்கு இருவர் சரிபார்ப்பு என்பார்கள். முதல் நர்ஸ் ‘0.1, சரிதானே?’ என்று கேட்க, இரண்டாமவர் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. விடையைக் கேட்காமல், உத்தரவையும் எடையையும் பார்த்துத் தனியாகக் கணக்கிட்டு, பிறகுதான் ஒப்பிட வேண்டும். வாய்வழி மருந்தை ஊசி மாட்டும் சிரிஞ்சில் எடுக்கவே கூடாது. ரத்தக்குழாய் இணைப்பில் பொருந்தாத வாய்வழி சிரிஞ்சு இதற்கென்றே இருக்கிறது.

பெற்றோரே, வீட்டில் கடைசியாக என்ன மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று சேர்க்கும்போதே சொல்லுங்கள். சளி மருந்து பலவற்றில் பாரசிட்டமால் கலந்திருக்கும்; வார்டிலும் கொடுத்தால் இரட்டிப்பாகும். ஒவ்வொரு முறையும் ‘இது என்ன மருந்து, எதற்கு?’ என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். ட்ரிப் வேகத்தை மட்டும் நீங்கள் தொடாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பாட்டிலையே கையில் வைத்துப் பேச வேண்டும். அந்த 150 மி.கி. பாரசிட்டமால், 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.5 மி.லி. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் 600 மி.கி. போய்விடும். சமையலறைக் கரண்டி வேண்டாம். வாய்வழி சிரிஞ்சில் கோடு போட்டுக் கொடுத்து, அம்மாவையோ அப்பாவையோ அந்தக் கோடு வரை ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.