ரெஜிமென்ட் கலைந்துவிட்டது, பென்ஷனை யாரிடம் கேட்பது?

கிளாஸ்கோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி போன் செய்தாள். "அண்ணா, எங்க ஹோம்ல ஒரு தாத்தா இருக்கார். ஸ்காட்லாந்து ஆர்மில ஒன்பது வருஷம் இருந்தாராம். பென்ஷன் வருதான்னு கேட்டா, என் ரெஜிமென்டே இல்ல, யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னு சிரிக்கிறார்."

அவர் 1966ல் 18 வயதில் குயின்ஸ் ஓன் ஹைலாண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துக் காலாட்படை ரெஜிமென்டில் சேர்ந்தவர். 1975 மே மாதம் வெளியே வந்தார். 60 வயது ஆனதும் பழைய முகாம் முகவரிக்கு ஒரு கடிதம் போட்டார். பதில் இல்லை. பிறகு ஓர் உதவி மையத்துக்குப் போன் செய்தார். எதிர்முனையில் இருந்தவர் கணினிப் பட்டியலில் தேடிவிட்டு, "அந்தப் பெயரில் இப்போது படை இல்லையே, ஹைலாண்டர்ஸ் என்று போடட்டுமா?" என்று கேட்டார். தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஹைலாண்டர்ஸ் 1994ல் உருவானது, அவர் அதில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. போனை வைத்தவர் அதோடு விட்டுவிட்டார். அப்படியே பதினைந்து ஆண்டுக்கு மேல் போய்விட்டது.

பிரிட்டனில் நம் ஆட்கள் நிறையப் பேர் பராமரிப்பு இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். உங்கள் வார்டில் ஒரு பழைய சிப்பாய் கட்டாயம் இருப்பார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 1881ல், எண்ணால் அழைக்கப்பட்ட காலாட்படைகளில் பலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். 42ம் 73ம் சேர்ந்து பிளாக் வாட்ச், 75ம் 92ம் சேர்ந்து கார்டன் ஹைலாண்டர்ஸ். 1959ல் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸும் ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரியும் சேர்ந்து ராயல் ஹைலாண்ட் ஃபியூசிலியர்ஸ் ஆனது. 1961ல் சீஃபோர்த் ஹைலாண்டர்ஸும் கேமரன் ஹைலாண்டர்ஸும் சேர்ந்து நம் தாத்தாவின் குயின்ஸ் ஓன் ஹைலாண்டர்ஸ். 1968ல் கேமரோனியன்ஸ் எவரோடும் சேர மாட்டோம் என்று கலைந்தே போனார்கள். 1994ல் குயின்ஸ் ஓனும் கார்டனும் சேர்ந்து தி ஹைலாண்டர்ஸ். 2006 மார்ச் 28 அன்று ஸ்காட்ஸ் கார்ட்ஸ் நீங்கலாக மிச்சமிருந்த ஸ்காட்லாந்துக் காலாட்படைகள் எல்லாமே ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற ஒரே குடைக்குள் பட்டாலியன்களாகப் போயின. 2021 டிசம்பரில் அதன் முதல் பட்டாலியனையும் எடுத்து ரேஞ்சர் ரெஜிமென்டின் பட்டாலியன் ஆக்கிவிட்டார்கள். தொப்பியில் செருகும் இறகுக் கொத்தில்தான் பழைய அடையாளம் மிஞ்சியிருக்கிறது: பிளாக் வாட்சுக்குச் சிவப்பு, ஹைலாண்டர்ஸுக்கு நீலம், ஆர்கைல்ஸ் என்ற இன்னொரு ஹைலாண்ட் படைக்குப் பச்சை.

1968ல் ஆர்கைல்ஸைக் கலைக்கப் போகிறார்கள் என்றதும் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். படையின் பெயருக்குப் பத்து லட்சம் கையெழுத்து. அதில் இருந்த ஆளின் பென்ஷன் படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்க மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராணுவ பென்ஷன் ரெஜிமென்ட் கொடுப்பதில்லை, பாதுகாப்பு அமைச்சகம் கொடுப்பது. ரெஜிமென்ட் இணைந்தாலும் கலைந்தாலும் சேவைக் காலம் அறுபடாது, ஒரு நாள்கூடக் குறையாது. அங்கே ஆளை அடையாளம் காட்டுவது சேவை எண். படையின் பெயர் இரண்டாம்பட்சம். தாத்தாவிடம் எண்ணைக் கேட்டேன். காலையில் சாப்பிட்டது நினைவில்லாத மனிதர், எட்டு இலக்கத்தையும் தடங்கலில்லாமல் சொன்னார். படுக்கைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் விடுவிப்பின்போது கொடுத்த சிவப்பு அட்டைப் புத்தகம். அதிலும் அதே எண். இந்த இரண்டும் கையில் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது.

அதனால் முதல் எச்சரிக்கை: ரெஜிமென்ட் அருங்காட்சியகத்துக்கோ பழைய வீரர் சங்கத்துக்கோ பென்ஷன் கேட்டு எழுதாதீர்கள். பெர்த்தில் பல்ஹவுசி மாளிகையில் பிளாக் வாட்ச் அருங்காட்சியகம் இருக்கிறது, ஸ்டர்லிங் கோட்டையில் ஆர்கைல்ஸுடையது, ஃபோர்ட் ஜார்ஜில் ஹைலாண்டர்ஸுடையது. எல்லோரும் நல்ல மனிதர்கள், தேநீர் கொடுத்துப் பழைய படம் காட்டுவார்கள். பென்ஷன் விஷயத்தில் அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. பென்ஷன் கோப்பைப் பார்க்கும் இடம் கிளாஸ்கோவிலேயே பிரவுன் தெருவில் உள்ள கென்டிகர்ன் ஹவுஸ். தாத்தா படுத்திருந்த கட்டிலிலிருந்து அது கொஞ்ச தூரம்தான்.

இரண்டாவது, படிவத்தில் ரெஜிமென்ட் பெயர் கேட்டால் அந்தக் காலத்துப் பெயரையே எழுதுங்கள். இன்றைய பெயருக்கு மாற்றி எழுத உங்களுக்கு அவசியமே இல்லை. பெயர் குழப்பம் இங்கே சாதாரணம் இல்லை. கேமரோனியன்ஸ் வேறு, கேமரன் ஹைலாண்டர்ஸ் வேறு. முன்னது தெற்கே லானார்க்‌ஷயர் பக்கத்து ரைஃபிள் படை, பின்னது வடக்கே இன்வெர்னஸ் பக்கத்து ஆட்கள். ராயல் ஸ்காட்ஸ், ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், ராயல் ஸ்காட்ஸ் கிரேஸ், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்று நான்கும் நான்கு படை. கிரேஸ் குதிரைப்படையே. எழுத்தர் தவறாகத் தட்டினால் "பதிவேட்டில் இல்லை" என்று கடிதம் வரும். அந்தக் கடிதத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சேவை எண், பிறந்த தேதி, சேர்ந்த தேதி மூன்றையும் மேலே பெரிதாக எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

இனி யாருக்குக் கிடைக்கும் என்பது. இங்கேதான் வயிறு எரிகிறது. கணக்கு முழுக்க வெளியே வந்த தேதியில் இருக்கிறது.

1975 ஏப்ரல் 6க்கு முன் வெளியே வந்த சாதாரணச் சிப்பாய் 18 வயதுக்குப் பிறகு 22 ஆண்டு முடித்திருக்க வேண்டும். 21 ஆண்டு 11 மாதம் என்றாலும் பூஜ்யம்தான். அதிகாரிகளுக்கு 21 வயதிலிருந்து 16 ஆண்டு போதும். ஏன் இந்த வித்தியாசம் என்று என்னைக் கேட்காதீர்கள். 1975 ஏப்ரல் 6 முதல் 1988 ஏப்ரல் 5 வரை வந்தவர்களுக்கு விதி இளகியது: வெளியே வரும்போது 26 வயது ஆகியிருந்து, குறைந்தது 5 ஆண்டு சேவை இருந்தால் பென்ஷன் உண்டு. 1988 ஏப்ரல் 6க்குப் பிறகு 2 ஆண்டே போதும். இப்படிப் பாதியில் வெளியே வந்தவர்களின் தொகையை எடுத்து வைத்துவிடுவார்கள். 2006 ஏப்ரல் 6க்கு முந்தைய சேவைக்கு 60 வயதில் அது கைக்கு வரும், அதற்குப் பிந்தைய சேவையும் இதே பழைய பென்ஷன் திட்டத்தில் இருந்தால் அதற்கு 65ல்.

கைக்கு வரும் என்று எழுதினேனே, அது தப்பு. கேட்டால் வரும். 60 ஆனதும் தானாக வங்கியில் விழுந்துவிடும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் வீடு மாறியது அலுவலகத்துக்குத் தெரியாது, அலுவலகம் தேடிக்கொண்டும் வராது. ஃபார்ம் 8 என்ற படிவத்தை நிரப்பி நாம்தான் கேட்க வேண்டும்.

நம் தாத்தாவுக்கு 1975 மே மாதம் 27 வயது நெருங்கியிருந்தது, சேவை ஒன்பது ஆண்டு. அவருக்கு உண்டு. அவரோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பர் ஒருவர், அதே வயது, அதே பட்டாலியன். 1975 மார்ச்சில் வெளியே வந்தார். இரண்டு மாத இடைவெளி. அவருக்கு ஒரு பென்னிகூட இல்லை. நண்பரும் கிளாஸ்கோவில்தான் இருக்கிறார். படிவம் நிரப்பும்போது தாத்தா இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

18 வயதுக்கு முன்னால் சேர்ந்த பையன்கள் இன்னொரு பொறி. பதினைந்து வயதில் சீருடை போட்டவர் "நான் ஆறு ஆண்டு இருந்தேன்" என்பார். அந்தப் பழைய திட்டத்தில் 18க்கு முந்தைய காலம் கணக்கில் வராது. ஆறு என்று எழுதிவிட்டுப் பிறகு மூன்று என்று பதில் வந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பார். முதலிலேயே கழித்துச் சொல்லிவிடுங்கள். கட்டாய ராணுவச் சேவையில் இரண்டு ஆண்டு போனவர்களுக்கும் அந்த இரண்டு ஆண்டுக்காக மட்டும் பென்ஷன் கிடையாது. வாரக்கடைசியில் பயிற்சிக்குப் போகும் டெரிடோரியல் படையில் இருபது ஆண்டு இருந்தாலும், 2015 ஏப்ரலுக்கு முந்தைய அந்தச் சேவைக்கு ஒன்றும் இல்லை. இவர்களுக்குப் படிவம் வாங்கிக் கொடுத்து ஆசை காட்டாதீர்கள்.

ஆனால் காயம் வேறு கணக்கு. இதைப் பலர் பென்ஷனோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2005 ஏப்ரல் 6க்கு முந்தைய சேவையால் உடலுக்கோ மனதுக்கோ பாதிப்பு என்றால் அதற்குப் போர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பெயரில் போர் இருக்கிறதே தவிர போர் முனையில் பட்ட காயமாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி மைதானத்தில் முட்டி போனதும் சேரும், வட அயர்லாந்துக் கலவரத்தில் பார்த்தது இன்றும் தூக்கத்தில் வந்தால் அதுவும் சேரும். எத்தனை ஆண்டு இருந்தார் என்பது இதில் தடை இல்லை, கட்டாயச் சேவைக்காரருக்கும் உண்டு. கேட்பதற்குக் காலக்கெடுவும் கிடையாது.

காலக்கெடு இல்லை என்றதும் "அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அங்கேதான் இழப்பு. பணம் பொதுவாகக் கேட்ட நாளிலிருந்துதான் ஓடும், காயம்பட்ட நாளிலிருந்து அல்ல. இன்னொன்று: வெளியே வந்து 7 ஆண்டுக்குள் கேட்டால், சேவையால் வந்ததில்லை என்று காட்ட வேண்டிய பாரம் அமைச்சகத்தின் தலையில். 7 ஆண்டு தாண்டினால் நம்பத்தகுந்த ஆதாரத்தை நீங்கள் கொண்டுவர வேண்டும். ஆகவே முதலில் ராணுவ மருத்துவக் கோப்பை வாங்குங்கள். தன் கோப்பைத் தானே கேட்பதற்குக் கட்டணம் இல்லை. 2005 ஏப்ரல் 6க்குப் பிந்தைய சேவையால் வந்த பாதிப்புக்குத் திட்டமே வேறு, அதற்கு 7 ஆண்டு கெடு உண்டு. ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போய் வந்த இளைஞர்கள் அப்பாவின் கதையைக் கேட்டு "இதற்குக் கெடு இல்லை" என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

காது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலாட்படையில் இருந்த பாதிப் பேருக்கு டிவியைச் சத்தமாக வைக்க வேண்டும். துப்பாக்கிச் சத்தம்தான் காரணம் என்று அவர்களுக்குத் தெரியும். 1993 ஜனவரி 7 முதல், சத்தத்தால் வந்த செவித்திறன் இழப்பு 20 விழுக்காட்டுக்குக் கீழே என்று மதிப்பிட்டால் பணம் கிடையாது. அதுவும் இன்றைய காதை வைத்து மதிப்பிட மாட்டார்கள், படையை விட்டு வந்தபோது இருந்த இழப்பை வைத்துத்தான். 80 வயதில் எடுத்த பரிசோதனைச் சீட்டை மட்டும் இணைத்து அனுப்பினால், வயதானதால் வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வெளியே வந்த காலத்துச் செவிப் பரிசோதனை கோப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

விதவைகளுக்கு ஒரு வார்த்தை. படையை விட்டு வந்த பிறகு கல்யாணம் செய்தவர் என்றால், பழைய திட்டத்தில் 1978 ஏப்ரல் 6க்குப் பிந்தைய சேவைக்கு மட்டுமே மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். தாத்தா 1975லேயே வெளியே வந்து, கல்யாணம் செய்தது 1980ல். பாட்டி முன்பே போய்விட்டார். இருந்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் வந்திருக்காது.

இறந்துபோனவரின் சேவைக் கோப்பு கேட்பவர்களுக்கு: கட்டணம் 30 பவுண்டு, இறக்கும்போது கணவனோ மனைவியோ ஆக இருந்தவர் கேட்டால் அதுவும் இல்லை. கோப்புகளைப் படிப்படியாக லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கோப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். முதல் உலகப் போர்க் கோப்பு என்றால் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. 1920க்கு முன் ஒவ்வொரு ரெஜிமென்டும் தனித்தனியாக எண் கொடுத்தது, படை மாறினால் எண்ணும் மாறும். ஒரே ஆளுக்கு மூன்று எண் இருந்தால் மூன்று பேர் என்று நினைத்துவிடாதீர்கள்.

தாத்தாவின் படிவத்தைப் போன வாரம் அனுப்பினோம். சிவப்புப் புத்தகத்தின் நகலை மட்டும் இணைத்தோம், அசலைக் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். தபால் நிலையத்தில் பதிவுச் சீட்டு வாங்கி அதே பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் அந்தத் தங்கை. ரெஜிமென்ட் என்ற கட்டத்தில் குயின்ஸ் ஓன் ஹைலாண்டர்ஸ் என்று அவரே, கை நடுங்க, தன் கையால் எழுதினார்.