தெஹ்ரானா, தெஹ்ரூனா?

பாடநூலில் பாரசீகம் படித்துவிட்டு ஈரானுக்குப் போகிறவரை முதலில் குழப்புவது தலைநகரின் பெயர். உள்ளூர்க்காரர் வாயில் அது ‘தெஹ்ரூன்’. வீட்டைக் குறிக்கும் ‘கானே’, பேச்சில் ‘கூனே’. நம் ஓட்டல்களில் விற்கும் நான் ரொட்டி அங்கே ‘நூன்’. எழுதும்போது மட்டும் பழையபடி ஆகாரம்தான்.

பாரசீக ‘ஆ’ நம் ஆகாரம்போல வாய் திறந்து சொல்வதல்ல. நாக்கைப் பின்னுக்கு இழுத்து, உதட்டைச் சற்றே குவித்துச் சொல்வது. அடுத்து ‘ன்’ வந்தால், சில சொற்களில் ‘ம்’ வந்தாலும், நாக்கு இன்னும் மேலேறி ‘ஊ’ ஆகிவிடுகிறது. எல்லாச் சொல்லும் இதற்கு மசியாது. தேர்வைக் குறிக்கும் ‘எம்தெஹான்’ மாறுவதில்லை, ‘ஈரான்’ என்ற பெயரும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. இதைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

வினைச்சொற்களில் அதிகம் தேய்பவை அன்றாடம் புழங்குபவை. போகிறேன் என்பதற்கு ‘மீரவம்’ என்று எழுதி ‘மீரம்’ என்கிறார்கள். சொல்கிறேன் என்ற ‘மீகூயம்’ வெறும் ‘மீகம்’ ஆகிறது. ‘வருகிறேன்’ என்று எழுதி ‘வர்றேன்’ என்று பேசும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் ‘எழுதுகிறான்’ என்ற ‘மீநெவீசத்’ அவ்வளவு சுருங்காது. விகுதி மட்டும் மாறி ‘மீநெவீசே’ ஆகும்.

உண்மையான தொல்லை இந்த ‘ஏ’தான். எழுத்தில் ‘பெசர் அஸ்த்’ என்றால் ‘பையன்’ என்று பொருள், அதாவது ‘அது பையன்’. பேச்சில் ‘அஸ்த்’ தேய்ந்து ‘பெசரே’. ஏற்கெனவே தெரிந்த ‘அந்தப் பையன்’ என்பதற்கும் பேச்சு வழக்கில் ‘பெசரே’தான். வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது: முன்னதில் ‘ச’வை அழுத்த வேண்டும், பின்னதில் கடைசி ‘ரே’யை. அழுத்தத்தால் பொருள் மாறாத தமிழுக்குப் பழகிய காதுக்கு இது எளிதில் பிடிபடாது.

‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதில் இரண்டு மாற்றங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். எழுத்தில் ‘கெத்தாப் ரா கான்தம்’. பேச்சில் ‘கெத்தாபோ கூன்தம்’. நம் ஐ உருபின் வேலையைச் செய்யும் ‘ரா’, ‘ஓ’வாகத் தேய்ந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது.

எதை முதலில் கற்பது? எழுத்து வழக்கை என்பேன். அதிலிருந்து பேச்சை ஓரளவு ஊகிக்கலாம். ‘மீகம்’ மட்டும் தெரிந்தவர் ‘மீகூயம்’ என்பதை ஊகிக்க முடியாது. ஆனால் எழுத்து வழக்கிலேயே டாக்சிக்காரரிடம் பேசினால் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். சொல்வரிசையும் மாறும்: ‘வீட்டுக்குப் போனேன்’ எழுத்தில் ‘பெ கானே ரஃப்தம்’, பேச்சில் ‘ரஃப்தம் கூனே’. ‘க்கு’ என்ற பொருள் தரும் ‘பெ’ காணாமல்போக, வீடு வினைக்குப் பின்னால் போய்விடுகிறது.