விசிட்டர் விசா: "பேங்குல எத்தனை லட்சம் காட்டோணுங்க?"

மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "ஏனுங்க தம்பி, பொண்ணு மாசமா இருக்குறா, அமெரிக்கா போகோணும். விசாவுக்குப் பேங்குல எத்தனை லட்சம் காட்டோணுங்க?" பெருந்துறைக்காரர், காங்கேயத்துக்காரர், பொள்ளாச்சிக்காரர் என்று யார் வந்தாலும் கேள்வி இதுவே. கேட்டு முடிப்பதற்குள் அடுத்த வரியும் வந்துவிடும்: "மச்சான்கிட்ட பத்து லட்சம் வாங்கிப் போட்டுட்டு, விசா வந்ததும் திருப்பிக் குடுத்தர்றனுங்க."

ஆடிட்டராக நான் எழுத விரும்புவது அந்தப் பத்து லட்சத்தைப் பற்றி.

முதலில் ஒரு விவரம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றுமே விசிட்டர் விசாவுக்கு இவ்வளவு இருப்பு வேண்டும் என்று ஒரு தொகையை நிர்ணயிக்கவில்லை. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் மட்டும் தங்கும் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று நாட்டுக்கு நாடு ஒரு கணக்கு உண்டு. மற்றபடி அதிகாரி பார்ப்பது பொருத்தத்தைத்தான். இவர் என்ன தொழில் செய்கிறார், வருசத்துக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு செலவாகிறது, இந்தப் பயணத்தை இவரால் தாங்க முடியுமா, முடிந்ததும் ஊர் திரும்ப இவருக்குக் காரணம் இருக்கிறதா? ஐந்து லட்சம் இருப்பு உள்ளவருக்கு விசா கிடைப்பதும், நாற்பது லட்சம் காட்டியவருக்கு மறுக்கப்படுவதும் இதனால்தான்.

பால் சொசைட்டியில் இருந்து பத்து நாளைக்கு ஒரு தரம் சில ஆயிரம் வந்து விழும் கணக்கு. கரண்ட் பில், மளிகை, மருந்துக்கடை என்று அப்படியே போய்க்கொண்டும் இருக்கிறது. அதில் விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்பு திடீரென்று பத்து லட்சம் வந்து உட்காருகிறது. ஸ்டேட்மென்டைப் புரட்டும் எவருக்கும் அந்த வரி கண்ணில் குத்தும். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு உள்ளே ஒரு தாளும் இராது. அதன்பிறகு அந்தக் கோப்பில் உள்ள உண்மையான காகிதங்களையும் அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். தாமாகவே விசா கிடைத்திருக்கக்கூடிய குடும்பங்கள் இந்த ஒரு வரியால் மறுப்புக் கடிதம் வாங்கி வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு மனசு ஆறாமல் போவது இங்கேதான்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. விசா எடுத்துத் தரும் ஏஜென்ட் அதைச் சொல்ல மாட்டார். ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் மொத்தம் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டினால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அது உங்கள் பான் எண்ணில் ஏறிவிடும். பிறகு கேள்வி வரும்போது மூலத்தை நிரூபிக்க முடியாவிட்டால், அந்தத் தொகைக்கு, வருமானம் கூடக்கூட ஏறும் வழக்கமான அடுக்கு விகிதம் கிடைக்காது. தனியான உயர்ந்த விகிதத்தில் வரி போடுவார்கள். கைமாற்றுதான் என்று உண்மையைச் சொன்னாலும் தப்பிக்க வழியில்லை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கவே பொதுவாகச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. வாங்குபவர், கொடுப்பவர் இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே என்றால் விலக்கு உண்டு, ஆனால் ரெண்டு வட்டிக்கு விடுபவர் அந்த விலக்குக்குள் வரமாட்டார். விசாவும் போய், வட்டியும் போய், நோட்டீசும் வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்து விவசாயிக்கு உள்ள உண்மையான குறை பணம் இல்லாதது அல்ல, இருக்கிற பணத்துக்குத் தடம் இல்லாததுதான். தேங்காய் வியாபாரி தோப்புக்கே வந்து காயை எண்ணி, கையில் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். மஞ்சளைத் தனியார் மண்டியில் போட்டு, வேண்டும்போது வேண்டிய அளவு வாங்கிக்கொள்கிறோம். குடோன் வாடகையும் ரொக்கம், தறிக்கூலியும் ரொக்கம். பதினைந்து ஏக்கர் தோட்டமும் கிணறும் உள்ள ஒருவருடைய பாஸ்புக்கைப் பார்த்தால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் போலத் தெரியும். வேறு நாட்டில் உட்கார்ந்து காகிதத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தோட்டம் தெரியாது.

அதனால் பயணத்துக்கு ஒரு வருசம் முன்பே ஆரம்பியுங்கள். தேங்காய்ப் பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கும் வியாபாரி இன்று குறைவு. மஞ்சளையோ கொப்பரையையோ ஒரு தரமாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு விடுங்கள்; அங்கே தொகை கணக்கில் ஏறும், கையில் சீட்டும் இருக்கும். ஆலைக்குக் கரும்பு வெட்டிவிடுபவருக்கு இந்தத் தடம் ஏற்கெனவே இருக்கிறது, அந்தப் பட்டுவாடாச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் இருந்தாலே போதும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வருமான வரி ரிட்டர்ன் வேண்டாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போடலாம். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.டி.ஆர்.-1 படிவம் ஆகாது, தொழில் வருமானம் இல்லாதவர் ஐ.டி.ஆர்.-2 போட வேண்டும். அதில் உண்மையில் வந்ததை மட்டும் காட்டுங்கள். விசாவுக்காக விளைச்சலைக் கூட்டிக் காட்டச் சொல்லி யார் வந்தாலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

நிலத்துக்கும் இதே கதைதான். பத்திரம் அப்பாரு பெயரில், பட்டா கூட்டுப் பட்டாவாக, பாகம் வாய்ச்சொல்லாக இருக்கும். சிட்டாவை எடுத்துப் பார்த்தால் உங்கள் பெயர் ஆறாவது ஆளாக இருக்கும், அல்லது இருக்கவே இராது. பங்காளிகளோடு உட்கார்ந்து பாகப்பிரிவினையைப் பதிவு செய்து தனிப் பட்டா வாங்குவது விசாவுக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை, எப்படியும் செய்ய வேண்டியதுதான். விசா அதற்கு ஒரு சாக்காக அமையட்டும்.

நெட்வொர்த் சர்டிபிகேட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொத்துகளையும் கடன்களையும் பட்டியலிட்டு நாங்கள் தரும் சான்று அது. 2019 பிப்ரவரி 1 முதல் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தரும் ஒவ்வொரு சான்றிலும் யூ.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருந்தாக வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு சான்று உண்மையா என்று உலகத்தில் எங்கிருந்தும் இணையத்தில் சரிபார்க்கலாம். ஏஜென்டே "ஆடிட்டர் சர்டிபிகேட்டும் ரெடி பண்ணிக் குடுத்தர்றோம்" என்றால், அந்த எண் இருக்கிறதா, போட்டுப் பார்த்தால் வருகிறதா என்று நீங்களே பாருங்கள். கடனைக் காட்டாத சான்று சான்றே அல்ல. வங்கியில் தோட்டத்தின் மேல் கடன் இருந்தால் அதுவும் உள்ளே இருக்கும், இருப்பதில் தவறில்லை.

காகிதத்தின் கனமும் நாட்டுக்கு நாடு மாறும். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் பெரும்பாலும் உங்களை யாரும் நேரில் பார்த்து முடிவு செய்வதில்லை. கோப்பே பேச வேண்டும். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். சென்னை அண்ணா மேம்பாலத்தின் அருகில் உள்ள துணைத் தூதரகத்தில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சில நிமிடங்களில் முடிவெடுப்பார். நீங்கள் சுமந்து போன காகிதக் கட்டை வாங்கிப் பார்க்காமலே கூட முடிந்துவிடும். தமிழிலேயே பேசலாம், அதற்கு வசதி இருக்கிறது. மகன் அனுப்பும் அழைப்புக் கடிதமோ பணப் பொறுப்பு உறுதிமொழியோ விசிட்டர் விசாவுக்குத் தேவையில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்கிறது. விண்ணப்பதாரரின் சொந்த நிலைதான் கணக்கு. அவர்களுடைய சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகிறவர் அங்கேயே தங்கிவிட எண்ணுகிறார் என்று முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

அங்கே பலர் தடுமாறுவது டி.எஸ்.-160 என்ற அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தில். அதை நியூஜெர்சியில் இருக்கும் மகள் இரவு பதினொன்றுக்கு நிரப்பியிருப்பாள், அல்லது ஏஜென்ட் கடைப் பையன் நிரப்பியிருப்பான். உள்ளே என்ன இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியாது. "மாச வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் படிவத்தில் ஒன்று, வாயில் ஒன்று. முன்பு விசா மறுக்கப்பட்டிருக்கிறதா, உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா, படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்று அதில் நேரடிக் கேள்விகள் உண்டு. குடியுரிமை பெற்ற மகன் மனுப் போட்டிருந்தும் "இல்லை" என்று டிக் அடித்தால் அது பொய்த் தகவலாகிவிடும். தெரிந்தே தவறான தகவல் தந்தது நிரூபணமானால் அமெரிக்காவுக்குள் நுழைய வாழ்நாள் தடை. நேர்காணலுக்குப் போகும் முன் அச்சிட்ட படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பேறுகாலத்துக்கு மகளோடு இருக்கப் போவதை மறைக்க வேண்டியதில்லை. "சுற்றிப் பார்க்கப் போறோம்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுக்கிறவர் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடுகிறார்.

பெயர் விசயமும் நம் ஊர்க்காரர்களுக்கு உள்ளதுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகவும், எல்லாம் ஒரே பெயராகவும் இருக்கும். அமெரிக்கப் படிவத்தில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, மற்ற கட்டத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். அமீரகத்தில் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது பலர் விமான நிலையத்தில் நின்றுபோனார்கள். பத்திரத்தில் "பழனிச்சாமிக் கவுண்டர்", ஆதாரில் "பழனிசாமி", பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து வேறொன்று. மூன்றும் ஒருவரே என்று நமக்குத் தெரியும், அயல்நாட்டு அதிகாரிக்குத் தெரியாது. பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

ஏஜென்ட் எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். படிவம் நிரப்பவும் நேரம் பிடிக்கவும் உதவி தேவைப்படுகிறவர்கள் நிறையப் பேர், நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்தில் கொடுக்கும் மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதாகவோ உங்கள் பிள்ளையுடையதாகவோ இருக்க வேண்டும். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. அந்தியூர் பக்கம் ஒரு தம்பதி, கனடாவில் இருக்கும் மகனைப் பார்க்க விண்ணப்பித்தார்கள். நல்ல விவசாயக் குடும்பம், மறைக்க ஒன்றுமில்லை. ஏஜென்ட் அந்தப் பெரியவரை ஒரு நூற்பாலையில் மேலாளர் என்று காட்டி, சம்பளச் சீட்டும் தயாரித்து வைத்துவிட்டார். சந்தேகப்பட்ட அதிகாரி, முடிவெடுக்கும் முன் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அது ஏஜென்டின் முகவரிக்குப் போனது. இவர்களுக்குத் தெரியவே இல்லை. பதில் வராததால் பொய்த் தகவல் என்று முடிவாகி, கனடாச் சட்டப்படி ஐந்து வருசத் தடை. பேத்தி பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகும் வயதும் வந்துவிடும். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "நாங்க பொய்யே சொல்லலீங்களே?" கையெழுத்து அவர்களுடையது, பொறுப்பும் அவர்களுடையதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனில் இது பத்து வருசம் வரை போகலாம். ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு மூன்று வருசம்.

கனடாவில் பிள்ளைகள் இருப்பவர்கள் சூப்பர் விசாவையும் விசாரியுங்கள். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்குமான அதில், 2022 ஜூலை முதல் ஒரு தடவைக்கு ஐந்து வருசம் வரை தங்கலாம். அழைக்கும் பிள்ளையின் வருமானம் ஒரு வரம்பைத் தொட வேண்டும், குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு ஒரு வருச மருத்துவக் காப்பீடு வேண்டும். ஷெங்கனுக்குக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. அமெரிக்க விசிட்டர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை, ஆனாலும் எடுக்காமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் வைத்தது எல்லாவற்றையும் காப்பீட்டுப் படிவத்தில் எழுதுங்கள். மறைத்தால் அங்கே ஆஸ்பத்திரியில் சேரும் நாளில் பாலிசி கைகொடுக்காது, மகளின் சேமிப்பு போய்விடும்.

பத்து வருச விசா என்றால் பத்து வருசம் தங்கலாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் எத்தனை நாள் என்பதை இறங்கும் விமான நிலையத்து அதிகாரி முடிவு செய்வார், பெரும்பாலும் ஆறு மாதம். ஐ-94 என்ற அமெரிக்க வருகைப் பதிவில், எதுவரை தங்கலாம் என்ற தேதி இருக்கும். ஷெங்கனில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். ஒரு நாள் கூடினாலும் அடுத்த விசாவில் எழுந்து நிற்கும்.

விசிட் விசாவில் போய் வேலை வாங்கிக்கலாம் என்று திருப்பூர்ப் பக்கத்துப் பையன்களிடம் சொல்லிப் பணம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போனவர்கள் கம்போடியா, மியான்மர் இணைய மோசடி முகாம்களில் சிக்கியது செய்திகளில் வந்ததுதான். வேலைக்குப் போவதானால் வேலை விசா, அதுவும் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவர் வழியாக. அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முகவர் பெயரைத் தேடினால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மறுத்துவிட்டால்? அமெரிக்காவில் 214(பி) மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது, மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் திரும்பவும் 185 டாலர் கட்டுவதற்கு முன், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உங்கள் நிலையில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் மாறாமல் அடுத்த மாதமே போனால் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். ஷெங்கன் நாடுகள் காரணத்தை எழுத்தில் தரும், மேல்முறையீட்டுக்கும் இடமுண்டு. கனடாவில் மறுத்த அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது; மகன் அங்கிருந்தே அதற்கு ஏற்பாடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். பிறகு பல நாடுகளின் விண்ணப்பத்தில் "முன்பு மறுக்கப்பட்டதா" என்ற கட்டம் வரும். அதில் "ஆம்" என்று எழுதி, தேதியையும் நாட்டையும் அந்தக் கடிதத்தைப் பார்த்தே நிரப்புங்கள்.